இணைப்பைத் தொட்டால் எங்கே திறக்க வேண்டும்?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அருகே ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன். பாடசாலையின் இணையத்தளத்தை, தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் நானே பராமரிக்கிறேன். கடந்தகால வினாத்தாள்கள், ஆசிரியர் வழிகாட்டிகள், பழைய நூல்கள் ஆகியவற்றுக்காகப் பரீட்சைத் திணைக்களம், தேசிய கல்வி நிறுவகம், கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான ஈ-தக்சலாவ, தமிழ் மின்னூலகமான 'நூலகம்' போன்ற தளங்களுக்கு நிறைய இணைப்புகள் கொடுத்திருக்கிறேன். தளத்தின் செலவை ஏற்றிருப்பது வெளிநாட்டிலுள்ள எங்கள் பழைய மாணவர் சங்கம். வெளித் தளங்களுக்குப் போகும் இணைப்பெல்லாம் உலாவியின் புதிய தாவலில் (டேப்) திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வருகிறவர்கள் நம் தளத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று அவர்கள் வற்புறுத்தியதால் அப்படியே செய்தேன். இப்போது கணினி அறையில் பிள்ளைகள் பின்னுக்குப் போக முடியவில்லை என்கிறார்கள். போனில் பார்க்கும் ஒரு தாய், பக்கங்கள் குவிந்து போன் இறுகிப்போகிறது என்றார். எது சரி? மாற்றுவதென்றால் சங்கத்துக்கு என்ன சொல்வது? பழைய பக்கங்களையும் திருத்த வேண்டுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிள்ளைகளும் அந்தத் தாயும் சொல்வதுதான் சரி. இணைப்பு உங்கள் தளத்துக்குள்ளேயே போனாலும் வெளித் தளத்துக்குப் போனாலும் அதே தாவலில் திறக்கட்டும். புதிய தாவலுக்கென்று சில இடங்கள் இருக்கின்றன. அவை குறைவு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சாதாரண இணைப்பொன்று வாசகருக்கு இரண்டு வழியையும் விட்டுவைக்கிறது. சும்மா தொட்டால் அதே தாவலில் திறக்கும். புதிய தாவல் வேண்டுமென்றால் கணினியில் கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கலாம், மவுஸின் நடுச்சக்கரத்தாலும் சொடுக்கலாம். போனில் இணைப்பின்மேல் விரலைச் சற்று அழுத்தி வைத்தால் புதிய தாவலில் திறக்கும் தெரிவு வரும். அதே இணைப்பில் புதிய தாவலை நீங்கள் கட்டாயமாக்கிவிட்டால் அவருக்கு ஒரு வழிதான் மிஞ்சும். இதை இந்தத் தாவலிலேயே திற என்று கேட்பதற்கு வழக்கமான உலாவிகளில் எளிய விசை எதுவும் கிடையாது. தெரிவு அவருடைய கையில் இருந்தது, நீங்கள் அதை எடுத்துக்கொண்டீர்கள். இந்த விடயத்தில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

இப்போது உங்கள் மாணவியின் கையிலுள்ள போனைப் பார்ப்போம். அனேகமாக அது அவளுடையதாக இராது. வயலிலிருந்து தகப்பன் வந்த பிறகு இரவில் கேட்டு வாங்கியதாக இருக்கும். 2 ஜி.பி. நினைவகம் கொண்ட பழைய அன்ட்ரொய்ட் போன் என்று வைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞான வினாத்தாள் பக்கத்தைத் திறக்கிறாள். குரோம் உலாவியின் மேல் மூலையில் ஒரு சிறிய சதுரமும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கும். எத்தனை தாவல்கள் திறந்திருக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. முதல் வினாத்தாளைத் தொட்டதும் ஒன்று கூடும். அது தேடிய ஆண்டு இல்லை. திரும்பி வந்து அடுத்ததைத் தொடுகிறாள், இன்னொன்று கூடுகிறது. புள்ளியிடும் திட்டத்துக்கு மற்றொன்று. எண்ணிக்கை 99ஐத் தாண்டினால் குரோம் எண்ணைக் காட்டுவதை நிறுத்திவிட்டு, முக்காற்புள்ளியும் ஆங்கில டி எழுத்துமாக ஒரு சிரிப்புக் குறியைப் போட்டுவிடும். இங்கே பயிற்சிக்கு வருகிறவர்கள் நீட்டும் போன்களில் அந்தக் குறியை அடிக்கடி காண்கிறேன். அது என்னவென்று பலருக்குத் தெரியாது. அந்தத் தாவல்களையெல்லாம் மூடலாம் என்பதும் தெரியாது.

இதில் கெடுதல் எங்கே வருகிறது என்றால், சிறிய நினைவகத்தால் எல்லாத் தாவல்களையும் உயிரோடு வைத்திருக்க முடியாது. முன்னால் இருக்கும் பக்கத்துக்கு இடம் கொடுப்பதற்காகப் பின்னால் கிடப்பவற்றை உலாவி சத்தமில்லாமல் இறக்கிவிடும். பட்டியலில் தாவல் இருப்பதுபோலத்தான் தெரியும். மாணவி அதற்குத் திரும்பியதும் பக்கம் முழுவதும் மறுபடி வலையிலிருந்து இறங்க வேண்டும். டேட்டா போகும். அலை பலவீனமான இடமென்றால் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி காத்திருக்க வேண்டும். அங்கே ஏதேனும் படிவத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தால் அதுவும் போயிருக்கலாம். உங்கள் பக்கத்தை அவளுக்காகத் திறந்து வைத்திருக்கிறோம் என்று சங்கம் நினைக்கிறது. அந்தப் போனில் அது திறந்திருப்பதில்லை.

அதே தாவலில் போயிருந்தால் என்ன நடக்கும்? பின்செல்லும் விசையை ஒருமுறை தொட்டால் போதும். விட்டுப்போன பக்கத்தை நினைவில் அப்படியே நிறுத்திவைக்கும் வசதி பயர்பொக்ஸிலும் சபாரியிலும் நெடுங்காலமாக உண்டு. குரோமில் அது போன்களுக்கு 2020 இலும் கணினிகளுக்கு 2021 இலும் வந்தது. எல்லாத் தளத்திலும் எல்லா வேளையிலும் அது கைகொடுக்கும் என்று சொல்லமாட்டேன். கைகொடுக்கும்போது பக்கம் மறுபடி இறங்காமலே, நீங்கள் உருட்டி நிறுத்திய அதே வரியில் வந்து நிற்கும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த காலத்தில் பின்னுக்குப் போவது செலவான காரியம், அதனால் புதிய ஜன்னல் நல்லது என்ற வாதத்துக்குக் கொஞ்சம் பொருள் இருந்தது. இப்போது இல்லை.

கணினி அறைப் பிள்ளைகளின் முறைப்பாடு இதைவிட நேரடியானது. புதிய தாவல் பிறக்கும்போது அதற்குப் பழைய வழித்தடம் கிடையாது. கணினியில் குரோமிலும் பயர்பொக்ஸிலும் பின்செல்லும் அம்பு மங்கலாகக் கிடக்கும், சொடுக்கினாலும் அசையாது. அன்ட்ரொய்ட் குரோம் இதை ஓரளவு சமாளிக்கிறது. இணைப்பிலிருந்து பிறந்த தாவலில் பின்னுக்குப் போனால் அதை மூடிவிட்டுப் பழைய தாவலைக் காட்டும். எல்லா உலாவிகளும் அப்படிச் செய்வதில்லை என்பதால் அதை நம்பித் தளம் கட்ட முடியாது. உலாவியில் வேறு எதுவும் அறியாத பிள்ளைக்கும் பாட்டிக்கும் தெரிந்த ஒரே கருவி அந்தப் பின்செல்லும் விசைதான். அதை நாமே வெட்டிவிட்டு, பின்னர் அவர்களுக்குக் கணினி அறிவு போதாது என்று சொல்வது எனக்குப் பொறுக்காத விடயம்.

வீட்டில் எல்லோருக்கும் பொதுவான போன் என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மகள் திறந்து வைத்த தாவல்களெல்லாம் மறுநாள் தகப்பன் மழை நிலவரம் பார்க்கத் திறக்கும்போது அப்படியே நிற்கும். தகப்பனோ தாயோ வங்கிக் கணக்குப் பார்த்த தாவலும் பிள்ளைக்கு முன்னால் நிற்கும். ஒரு வீட்டில் ஒரு போன் என்ற நிலையில் கேட்காமல் பிறக்கும் ஒவ்வொரு தாவலும் அடுத்தவரின் வழியில்தான் வந்து நிற்கிறது. பேஸ்புக்கில் பகிர்ந்த இணைப்பைத் தொட்டு உங்கள் தளத்துக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியில் இருப்பார்கள். அங்கே தாவல் என்ற வசதியே கிடையாது. ஆக, சங்கம் கேட்ட ஏற்பாடு அவர்களிடம் வேலை செய்வதும் இல்லை.

இது என் தனிப்பட்ட விருப்பு வெறுப்பு என்று யாரும் சொல்லலாம். இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த டென்மார்க் நாட்டவரான யாக்கோப் நீல்சன், வலை வடிவமைப்பில் புதிதாகப் பெருகிய தவறுகளை 1999 இல் பட்டியலிட்டபோது பின்செல்லும் விசையைக் கெடுப்பதை முதலாவதாகவும் புதிய ஜன்னல் திறப்பதை இரண்டாவதாகவும் வைத்தார். வலைப்பக்கங்கள் எழுதப்படும் மொழியான எச்.டி.எம்.எல்.-இன், அதே 1999 இன் கடைசியில் வந்த 4.01 தரத்தின் கண்டிப்பான வகையில், புதிய ஜன்னலைத் திறக்கப் பயன்படும் டார்கெட் என்ற பண்புக்கு இடமே கொடுக்கப்படவில்லை. பின்னர் எச்.டி.எம்.எல். 5 அதை மறுபடி ஏற்றுக்கொண்டது. எனவே அதை எழுதுவது இன்று விதிமீறல் அல்ல, எங்கே எழுதுவது என்பதுதான் கேள்வி. எல்லோரும் அணுகக்கூடிய வலைப்பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டியில் 3.2.5 என்ற பிரிவு, பயனர் கேட்டால் மட்டுமே சூழல் மாற வேண்டும் என்கிறது. அது அந்த வழிகாட்டியின் மிக உயர்ந்த நிலையில் உள்ள எதிர்பார்ப்பு, எல்லாத் தளத்துக்கும் கட்டாயமில்லை. அதனோடு சேர்ந்த நுட்பக் குறிப்புகள், தேவையான இடத்தில் மட்டும் புதிய தாவலைத் திறக்கும்படியும் திறப்பதானால் முன்கூட்டியே சொல்லும்படியும் கேட்கின்றன.

கட்டாயமில்லை என்பதற்காக அதை நாம் விட்டுவிடலாமா? வன்னியில் இருக்கும் ஒருவர் அப்படிச் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன். போரில் பார்வையை இழந்தவர்கள், கையை இழந்தவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இன்று உங்கள் மாணவர்களின் பெற்றோர். பார்வையற்றவர் கணினியில் என்.வி.டி.ஏ., போனில் டோக்பேக் போன்ற திரைவாசிப்பு மென்பொருளால் பக்கத்தைக் கேட்டுக்கேட்டு நகர்கிறார். தாவல் மாறியது அவர் கவனத்துக்கு வராமல் போகலாம். பின்னுக்குப் போக முயன்று, ஒன்றும் நடக்காமல், எங்கே நிற்கிறோம் என்று பக்கத்தை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும். ஒற்றைக் கையால் போனைப் பிடித்து அதே கையின் பெருவிரலால் தொடுகிறவரை நினைத்துப் பாருங்கள். பின்னுக்குப் போவது அவருக்கு ஓர் அசைவு. தாவல் பட்டியலைத் திறந்து, சரியானதைக் கண்டுபிடித்து, மூலையிலுள்ள சிறிய பெருக்கல் குறியைத் தொட்டு மூடுவது வேறு வேலை. மகனின் பரீட்சைப் பெறுபேறு பார்க்க வந்த தகப்பனுக்கு அந்த வேலையை நாம் ஏன் கொடுக்க வேண்டும்?

சங்கத்துக்கு வருகிறேன். அவர்கள் மீது எனக்குக் குறையில்லை. தாங்கள் படித்த பாடசாலைக்குப் பணம் அனுப்புகிறவர்கள், அந்தத் தளத்தைப் பலர் பார்க்க வேண்டும் என்று விரும்புவது நியாயம். அவர்கள் பெரிய திரையில், வேகமான இணைப்பில், பல தாவல்களைத் திறந்து வைத்துப் பழகியவர்கள். அந்தத் திரையில் இந்த ஏற்பாடு வசதியாகத்தான் தெரியும். அதனால் வாதத்தால் மட்டும் வெல்லப் பார்க்காதீர்கள். அடுத்த வீடியோ அழைப்பில் ஒரு மாணவியைப் பழைய போனோடு உட்காரவைத்து, தமிழ் வினாத்தாளை எடுத்துவிட்டுத் தளத்தின் முதற்பக்கத்துக்குத் திரும்பி வரும்படி சொல்லுங்கள். யாரும் உதவக்கூடாது. அவளுடைய விரல் தடுமாறும் இடத்தை அவர்களே பார்க்கட்டும்.

விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கு என் பதில் இது. மாங்குளம் சந்தியில் இறங்குகிறவர் அங்கேயே தங்குவதற்காக இறங்குவதில்லை, முல்லைத்தீவு பஸ் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அவருக்குப் போதும். உங்கள் வினாத்தாள் பக்கமும் அப்படியான ஒரு சந்திதான். தேவையானதை எடுத்துக்கொண்டு பிள்ளை போய்விட்டால் பக்கம் தன் வேலையைச் செய்துவிட்டது. தேடாமல் கிடைத்த இடத்துக்கு அவள் நாளைக்கும் வருவாள். வருகைக் கணக்கைப் பற்றி அவர்கள் கேட்டால் இதையும் சொல்லுங்கள்: கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய நான்காம் பதிப்பு, பக்கம் திரையில் முன்னால் இருக்கும் நேரத்தைத்தான் ஈடுபாட்டு நேரமாக எடுக்கிறது. பின்னால் மறைந்து கிடக்கும் தாவல் அந்தக் கணக்கில் ஒன்றையும் கூட்டுவதில்லை.

புதிய தாவல் தேவைப்படும் இடங்கள் எவை? வாசகர் கையில் ஒரு வேலை பாதியில் இருந்து, இணைப்பைத் தொட்டால் அது அழிந்துவிடும் என்றால் அங்கே திறக்கலாம். கருத்தரங்குக்குப் பதிவுசெய்யும் படிவம் உங்கள் தளத்தில் இருந்தால், அதற்குள் இருக்கும் விதிமுறைகள் என்ற இணைப்பு புதிய தாவலில் திறக்கட்டும். பாடக் காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கீழே உள்ள குறிப்புக்கான இணைப்பும் அப்படியே. கடவுச்சொல் கொடுத்து உள்ளே நுழைந்தவர் வெளியே தள்ளப்படக்கூடிய இடமும் இதில் சேரும். வெளித் தளம் என்ற ஒன்று மட்டும் காரணமாகாது.

பி.டி.எப். கோப்புகள் இடைப்பட்டவை, உங்கள் தளத்தில் அவைதான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணினியில் பி.டி.எப். திறந்ததும் பலர் அதைத் தனி மென்பொருளில் திறந்த கோப்பு என்று எண்ணி, படித்து முடிந்ததும் ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். உங்கள் தளமும் சேர்ந்து மூடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகக் கணினியில் புதிய தாவல் நல்லது என்று சொல்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். பல அன்ட்ரொய்ட் போன்களிலோ அது தரவிறங்கி வேறு செயலியில் திறக்கும், அங்கே தாவல் வீண். உங்கள் வாசகர்கள் போன்காரர்கள் என்பதால் சாதாரண இணைப்பாகவே விட்டுவிடுவேன். தாவலைவிட முக்கியமானது, தொடுவதற்கு முன் என்ன இறங்கப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரிவது. 'விஞ்ஞானம், சாதாரண தரம், 2019, பி.டி.எப்., 2 எம்.பி.' என்று இணைப்பிலேயே எழுதுங்கள். இங்கே அழுத்தவும் என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். பெரிய கோப்பென்றால் பாடசாலையின் வைபையில் இறக்கலாம் என்று பிள்ளையே முடிவு செய்வாள். வினாத்தாளையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கொன்ட்ரோல் விசையையும் அழுத்திப் பிடிப்பதையும் ஒரு பாடவேளையில் காட்டிக்கொடுங்கள். அது எந்தத் தளத்திலும் உதவும்.

புதிய தாவலில் திறக்கும் இணைப்பு எதுவானாலும் அதை எழுத்தில் சொல்லுங்கள். 'விதிமுறைகள் (புதிய தாவலில் திறக்கும்)' என்று இணைப்பின் சொற்களுக்குள்ளேயே இருக்க வேண்டும். சதுரத்திலிருந்து அம்பு வெளியேறும் அந்தச் சிறிய சின்னம் மட்டும் போதாது. நம் ஊரில் பலருக்கு அதன் பொருள் தெரியாது, மாற்று உரை கொடுக்காவிட்டால் திரைவாசிப்பானும் அதைச் சொல்லாது.

ஒரு பாதுகாப்பு விடயம். புதிய தாவலில் திறந்த பக்கம், தன்னைத் திறந்த பழைய பக்கத்தைப் பிடித்துக்கொண்டு அதை வேறு முகவரிக்கு மாற்றக்கூடிய ஓட்டை முன்பு இருந்தது. நீங்கள் திரும்பி வரும்போது, கடவுச்சொல் கேட்கும் போலிப் பக்கம் உங்கள் தளத்தைப் போல அங்கே காத்திருக்கும். சபாரி 12.1, 2020 இல் வந்த பயர்பொக்ஸ் 79, 2021 இல் வந்த குரோம் 88 ஆகிய பதிப்புகளிலிருந்து உலாவிகளே இதைத் தடுக்கின்றன. அதற்கு முந்திய பதிப்போடு நின்றுபோன போன்கள் இன்னும் பாவனையில் இருக்கலாம். ஆகவே நீங்கள் விட்டுவைக்கும் புதிய தாவல் இணைப்புகளில், இந்த ஓட்டையை அடைக்கும் நோஓப்பனர் (noopener) என்ற சொல் இருக்கிறதா என்று நிரல் பார்வையில் ஒருமுறை பாருங்கள்.

இனித் திருத்தும் வேலை. முதலில், வெளி இணைப்புகளையெல்லாம் தானாகப் புதிய தாவலுக்குத் தள்ளும் செருகுநிரல் (பிளகின்) எதையாவது யாராவது நிறுவியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் அதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். தனித்தனி இணைப்புகளில், இணைப்பைத் தொட்டு, பென்சில் சின்னத்தால் திருத்தும் பெட்டியைத் திறந்து, புதிய தாவலில் திறக்கும் தெரிவிலுள்ள சரிக்குறியை எடுத்துவிடுங்கள். தளத்தின் மேலேயுள்ள பட்டியில் (மெனு) இந்தத் தெரிவு மறைந்திருக்கும். பட்டிகளைத் திருத்தும் பக்கத்தின் மேல் மூலையில் திரைத் தெரிவுகளைத் திறந்து, இணைப்பின் இலக்கு என்பதற்கு எதிரே சரிக்குறி இட்டால்தான் அது வெளியே வரும். ஆசிரியர்கள் பலர் தேடிக் களைத்துப்போவது இந்த இடத்தில்தான்.

பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்த வேண்டியதில்லை. பட்டியையும் வினாத்தாள் பக்கங்களையும் பரீட்சைக் காலத்துக்கு முன்பு முடித்துவிடுங்கள், பிள்ளைகள் அதிகம் வருவது அங்கேதான். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழாச் செய்திகளில் உள்ள இணைப்புகளை ஓய்வு கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம். செருகுநிரலை நிறுத்திய பிறகும் ஏதாவது இணைப்பு புதிய தாவலில் திறந்தால், தளத்தின் தோற்ற வார்ப்புரு (தீம்) அதைச் செய்யக்கூடும். அப்படியென்றால் அந்த வார்ப்புருவின் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள், எந்த அமைப்பில் நிறுத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.